வீட்டில் செஞ்ச விமானம்: பறக்குறதுக்கு முன்னாடி யார் பார்த்தது?

(ஒலி எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே இருக்கு.)

வடமதுரையில இருந்து பேசுறேன்.

வாட்ஸ்அப்ல அடிக்கடி ஒரு வீடியோ சுத்தும், நீங்களும் பார்த்திருப்பீங்க. ஏதோ ஒரு கிராமம், ஒரு பையன், வெல்டிங் பண்ணின இரும்பு பைப், பழைய கார் என்ஜின், பெருசா ஒரு ஃபேன். மேல 'கிராமத்து விஞ்ஞானி'ன்னு தலைப்பு. நாமளும் கைதட்டல் எமோஜி போட்டு அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிட்டுருவோம். அப்படி ஒரு வீடியோவை எனக்கு அனுப்பி, நம்ம நிகழ்ச்சியைக் கேக்குறவர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "ப்ரோ, நிஜமாவே ஒரு தனி ஆள் விமானம் செஞ்சு பறக்க முடியுமா? சட்டம் விடுமா?"

முடியும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் பறந்துட்டு இருக்காங்க. இந்தியாவுலயும் நடந்திருக்கு. ஆனா செஞ்சு முடிச்சதுக்கு அப்புறம்தான் பெரிய வேலையே தொடங்குது. யார் அதைச் சோதிச்சுப் பார்க்கிறது, வருஷா வருஷம் யார் பராமரிக்கிறது, ஒரு பாகத்தை மாத்தினா என்ன ஆகும்? வீடியோவுல இது எதுவும் வராது. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்லயே சொல்லிடுறேன். நான் விமானப் பொறியாளர் இல்ல. மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல போய் உட்கார்ந்த லட்சம் பேர்ல நானும் ஒருத்தன். படிச்சதையும் புரிஞ்சதையும் சொல்றேன்.

பல்லாவரத்துல பறந்த ஹோட்டல்காரர்

1909 ஜூலைல லூயி பிளேரியோ தன் விமானத்துல ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அந்தச் செய்தி உலகத்தையே ஒரு உலுக்கு உலுக்குச்சு. மெட்ராஸ் மவுண்ட் ரோடுல ஹோட்டல் நடத்திட்டு இருந்த ஜாக்கோமோ டி'ஏஞ்சலிஸுக்கும் ஆசை பிடிச்சுக்கிச்சு. இவர் கார்சிகாத் தீவுல இருந்து வந்தவர். தானே ஒரு இரட்டை இறக்கை விமானத்தை வடிவமைச்சார். வண்டிகளுக்கு பாடி கட்டிட்டு இருந்த சிம்ப்சன் கம்பெனிகிட்ட கொடுத்துச் செஞ்சு வாங்கினார். 1910 மார்ச்சுல பல்லாவரத்துல அது பறந்துச்சு. அப்புறம் தீவுத்திடல்ல டிக்கெட் போட்டு மக்களுக்கும் காட்டினார்.

அலகாபாத்துல இருந்து நைனிக்குத் தபால் பையோட விமானம் பறந்தது 1911 பிப்ரவரில. உலகத்தோட முதல் அதிகாரப்பூர்வ ஏர்மெயில்னு பாடப்புத்தகத்துல வர்றது அதுதான். அதுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னாடியே நம்ம பல்லாவரத்துல ஒரு ஹோட்டல்காரர் சொந்த விமானத்துல மேல போயிட்டார்.

யோசிச்சா, அந்தக் காலத்துல எல்லா விமானமும் 'வீட்டுல செஞ்சது'தான். ரைட் சகோதரர்கள் நடத்தினது சைக்கிள் கடை. அரசாங்க அனுமதி, தரச் சான்றிதழ் எல்லாம் அப்புறம் வந்தது. அதுவும் சும்மா வரல. நிறைய பேர் விழுந்து செத்ததுக்கு அப்புறம் வந்தது.

ரெண்டு வகை விமானம்

இன்னைக்கு ஒரு கம்பெனி விமானம் எப்படி வருதுன்னு பாருங்க. பயிற்சிப் பள்ளிகள்ல இருக்குற செஸ்னா 172-ஐ எடுத்துக்கலாம். அதோட வடிவமைப்புக்கு அரசாங்கம் ஒப்புதல் கொடுத்திருக்கும். எந்த போல்ட், எந்த ரப்பர் குழாய், எந்த பேட்டரின்னு எல்லாமே அந்த ஒப்புதலுக்குள்ள வரும். உங்க இஷ்டத்துக்கு ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணைப் போட முடியாது. சான்றிதழ் வாங்கின மெக்கானிக் வேணும், ஒப்புதல் வாங்கின பாகம் வேணும்.

இன்னொரு வகை, ஒரு ஆள் தன் ஆசைக்கும் கத்துக்கிறதுக்கும் செய்யுற விமானம். அமெரிக்காவுல இதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு. விமானத்தோட பெரும்பகுதி வேலையை ஆர்வத்துக்காகச் செய்யுறவங்களே செஞ்சிருக்கணும். பேச்சு வழக்குல அதை '51 சதவீத விதி'ம்பாங்க. பாகங்களை கிட்டா வாங்கலாம், ஆனா பாதிக்கு மேல உங்க கைவேலையா இருக்கணும். இந்த ஆட்களுக்குன்னு 1953-ல பால் போபெரெஸ்னி தொடங்கின சங்கம்தான் இஏஏ. இப்போ அங்க இந்த வகையில 30,000-க்கும் மேல விமானங்கள் பதிவாகியிருக்கு.

அந்த விமானங்களுக்குள்ள 'பரிசோதனை விமானம்'னு எழுதியிருக்கும். பயணிக்குத் தெரியுற மாதிரி ஒரு எச்சரிக்கைப் பலகையும் ஒட்டியிருக்கணும். வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்படலன்னு அதுல இருக்கும். ஏறுறவர் தெரிஞ்சே ஏறணும்ங்கிறதுதான் கணக்கு.

இந்தியாவுக்கு வருவோம். நம்ம ஊர்ல எந்த விமானமா இருந்தாலும் டிஜிசிஏ-கிட்ட பதிவு, பறக்க அனுமதி, அப்புறம்தான் வானம். 1934-ஆம் வருஷத்து விமானச் சட்டத்துக்குப் பதிலா 2025 ஜனவரி 1-ல இருந்து பாரதிய வாயுயான் அதினியம்னு புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கு. அனுமதி இல்லாம பறக்க முடியாதுங்கிறதுல மாற்றம் இல்ல.

இந்தப் பாதையில கடைசி வரைக்கும் போனவர்னு மும்பை பைலட் அமோல் யாதவைச் சொல்லணும். கந்திவலி பக்கம் சார்கோப்ல, தன் வீட்டு மொட்டை மாடியிலயே ஆறு பேர் உட்கார்ற விமானத்தைச் செஞ்சார். 2016-ல மும்பையில நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்காக அதைக் கீழ இறக்கிக் கொண்டுபோய் வெச்சாங்க. 2017 நவம்பர்ல விடி-என்எம்டிங்கிற எழுத்துகளோட பதிவு கிடைச்சது. அது பறந்து காட்டினது 2020-ல, மகாராஷ்டிரத்துத் துலேயில. ஆசை, பணம், பைலட் உரிமம் மூணும் இருந்த ஆளுக்கே இத்தனை வருஷம் பிடிச்சிருக்கு.

இன்னொருத்தர் நமக்கு ரொம்பப் பக்கம். இடுக்கி மாவட்டம் தொடுபுழா பகுதியைச் சேர்ந்த சஜி தாமஸ். காது கேக்காது, பேச முடியாது. பள்ளிப் படிப்பை ஏழாம் வகுப்போட விட்டவர். அவர் செஞ்ச சின்ன விமானம் 2014-ல பறந்தது நம்ம தமிழ்நாட்டுல, திருநெல்வேலிப் பக்கம் மணிமுத்தாறுல. 2017-ல வந்த 'விமானம்'ங்கிற மலையாளப் படம் இவர் வாழ்க்கையைத் தழுவினதுதான்.

அந்தக் கதையில எல்லாரும் சஜியோட விடாமுயற்சியைத்தான் பேசுவாங்க, அது நியாயம்தான். எனக்கு முக்கியமாப் படுறது இன்னொரு ஆள். எஸ்.கே.ஜே. நாயர், விமானப்படையில இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி. மணிமுத்தாறுல அந்த விமானத்தை எடுத்துட்டு மேல போனது அவர்தான். செஞ்சவரோட கண்ணுக்கு அப்புறம் இன்னொரு கண்ணு, அதுவும் ஆயிரம் தடவை பறந்து பழகின கண்ணு அதைப் பார்த்துச்சு. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குச் சொல்றேன்: கோட் ரிவ்யூ நடந்துச்சு.

தயாரிப்பாளர் நீங்கதான்

உங்க பைக்ல பிரேக் கோளாறுன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரனே போன் பண்ணி, "சார், வண்டியைக் கொண்டு வாங்க, இலவசமா மாத்தித் தர்றோம்"பான். வீட்டுல செஞ்ச விமானத்துக்கு அப்படி ஒரு போன் வராது. கம்பெனியே நீங்கதான். கிட் விற்ற கம்பெனி ஏதாவது தகவல் அனுப்பினாலும், அதைத் தேடிப் படிச்சு உங்க விமானத்துக்குப் பொருந்துமான்னு முடிவு பண்றது உங்க பொறுப்பு.

அமெரிக்காவுல 12 மாசத்துக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை நடக்கணும். விமானத்தைச் செஞ்சவர் தனி சான்றிதழ் வாங்கியிருந்தா அவரே பண்ணலாம். அந்த விமானத்தை உங்களுக்கு வித்துட்டார்னா, நீங்க ஸ்பேனர் பிடிக்கலாம், பாகத்தை மாத்தலாம், ஆனா அதுக்குரிய சான்றிதழ் இல்லாம அந்த வருஷாந்திரப் பரிசோதனையில கையெழுத்து போட முடியாது. அந்தச் சான்றிதழ் இருக்குறவங்கதான் போடணும்.

அந்தப் பரிசோதனையில என்ன பார்ப்பாங்க? பிரம்மாண்டமா ஒண்ணும் இல்ல. நட்டு, போல்ட், குழாய், ஒயர்.

எங்க சித்தப்பா ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டர். இந்த எபிசோடுக்காக அவர்கிட்ட பேசினப்போ, "ஏப்பா, ஓடுற மெஷின்ல நட்டு கழலுறது தப்பில்ல, கழலுறதை நீ பாக்காம விடுறதுதான் தப்பு"ன்னார். டைட் பண்ணின நட்டுல இருந்து பாடி வரைக்கும் பெயின்ட்ல ஒரு கோடு இழுத்து விடுவாராம். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துரும். விமானத்துலயும் அதே பழக்கம் உண்டு. அதுக்கும் ஒரு படி மேல போய், போல்ட் தலையில ஓட்டை போட்டு, மெல்லிய கம்பியைக் கோத்து, கழலுற திசைக்கு எதிர்ப்பக்கமா இழுத்து முறுக்கிக் கட்டுவாங்க. கன்ட்ரோல் கம்பிகள் சேர்ற மூட்டுகள்ல காட்டர் பின். பூட்டு ஊர்க்காரங்க நமக்கு இது சட்டுனு புரியும்: திண்டுக்கல் பூட்டு திருடனுக்கு, இந்தப் பூட்டு அதிர்வுக்கு.

அடுத்தது ரப்பர். சின்ன விமானங்கள்ல அதிகமாப் பார்க்கிற என்ஜின் ரோடாக்ஸ் 912. ஓவர்ஹாலுக்கு 2,000 மணி நேரம் வரைக்கும் ஓடும்னு கம்பெனி சொல்லுது. ஆனா ரப்பர் குழாய்களை 5 வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாத்தணும். ஷெட்லயே நின்னாலும் மாத்தணும். ரப்பருக்கு ஓடின மணி நேரம் கணக்கில்ல, வயசுதான் கணக்கு.

சின்ன டூ-ஸ்ட்ரோக் என்ஜின்கள் இன்னும் கறார். ரோடாக்ஸ் 582-க்கு ஓவர்ஹால் இடைவெளி 300 மணி நேரம். இந்த என்ஜின் எப்போ வேணும்னாலும் சட்டுனு நிக்கலாம், அதை மனசுல வெச்சே பறங்கன்னு கம்பெனியே கையேட்டுல எச்சரிக்குது. அதனால இந்த விமானம் ஓட்டுறவங்க, என்ஜின் இப்போ நின்னா எந்த வயல்ல இறங்கலாம்னு பார்த்துக்கிட்டேதான் பறப்பாங்க.

மூணு 'சின்ன' மாற்றம்

சொந்த விமானத்தோட பெரிய சுகம், நினைச்சதை மாத்தலாம். பெரிய ஆபத்தும் அதேதான். மூணு உதாரணம்.

முதல்ல பேட்டரி. முன்னாடி இடம் பத்தலன்னு 6 கிலோ பேட்டரியை 1.5 மீட்டர் பின்னாடி தள்ளி வெக்கிறீங்கன்னு வைங்க. விமானத்தோட மொத்த எடை 400 கிலோ. 6-ஐ 1.5-ஆல பெருக்கி 400-ஆல வகுத்தா 0.0225 மீட்டர். எடையோட மையம் ரெண்டேகால் சென்டிமீட்டர் பின்னாடி போயிருச்சு. இவ்வளவுதானான்னு தோணும். ஆனா சின்ன விமானத்துல அந்த மையம் முன்ன பின்ன நகர அனுமதிச்ச மொத்த தூரமே சில அங்குலம்தான். டிவிஎஸ் எக்ஸ்எல்ல பின்னாடி ரெண்டு மூட்டை ஏத்தினா ஹேண்டில்பார் லேசாகி வண்டி அலையுமே, அதேதான். என்ன வித்தியாசம்னா, விமானத்துல மூக்கு தானா மேல தூக்கிக்கும், வேகம் குறையும், இறக்கை காத்தைப் பிடிக்கிறதை விட்டுரும். மையம் ரொம்பப் பின்னாடி போயிருந்தா, மூக்கை மறுபடி கீழ கொண்டு வரவே முடியாமப் போகலாம். அதனாலதான் ஏதாவது மாத்தினா விமானத்தைத் தராசுல ஏத்தி, திரும்பக் கணக்குப் போட்டு எழுதி வெக்கச் சொல்றாங்க.

ரெண்டாவது பெயின்ட். அழகுக்கு ஒரு கோட் பெயின்ட் அடிச்சா என்ன ஆயிரப் போகுது? இறக்கையோட பின்விளிம்புல மேலயும் கீழயும் அசையுற தகடுகள் இருக்கும். வால்லயும் இருக்கும். அதுங்க கீலுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை சரியா இருக்கணும்னு பார்த்துப் பார்த்து வெச்சிருப்பாங்க. கீலுக்குப் பின்னாடி இருக்குற பரப்புதான் பெருசு, அதனால பெயின்ட் எடையும் அங்கதான் அதிகம் சேரும். சமநிலை கெட்டா, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல அந்தத் தகடு படபடக்க ஆரம்பிக்கும். ஓடுற லாரியில தார்பாய் ஒரு முனை அவிழ்ந்தா அடிக்குமே, அப்படி. இதுக்கு ஃப்ளட்டர்னு பேர். நொடிக்கணக்குல பெருசாகி இறக்கையையே பிய்ச்சுப் போட்டுரும். புதுசா பெயின்ட் அடிச்சா அந்தத் தகடுகளைக் கழட்டி மறுபடி சமநிலை பார்க்கணும்.

மூணாவது ஒரு கைப்பிடி. இது உண்மையா நடந்தது. ஜான் டென்வர்னு அமெரிக்கப் பாடகர். ஊருக்குப் போற சாலையைப் பத்தி அவர் பாடின பாட்டு இன்னும் ரீல்ஸ்ல ஓடுது. 2,700 மணி நேரத்துக்கும் மேல பறந்த பைலட். 1997 அக்டோபர்ல ஒரு லாங்-ஈஸி விமானத்தைப் பழசா வாங்கினார். பர்ட் ரூட்டன் வரைபடம் வித்து, ஆர்வலர்கள் ஃபோமும் ஃபைபர்கிளாஸும் வெச்சு வீட்டுல செஞ்ச ரகம் அது.

அந்த விமானத்துல ரெண்டு டேங்க். ஒண்ணு தீர்ந்தா இன்னொண்ணுக்கு மாத்த ஒரு வால்வு. ரூட்டனோட வரைபடத்துல வால்வோட கைப்பிடி பைலட்டுக்கு முன்னாடி, கால்களுக்கு நடுவுல. இந்த விமானத்தைச் செஞ்சவர் அதை பைலட்டோட இடது தோளுக்குப் பின்னாடி வெச்சார். காரணம் அலட்சியம் இல்ல. பெட்ரோல் குழாய் உட்கார்ற இடத்துக்குள்ள வரவேண்டாம்னு பாதுகாப்புக்காக யோசிச்சுச் செஞ்சது.

டென்வருக்கு அந்தக் கைப்பிடி எட்டல. ஒரு மெக்கானிக் வைஸ் கிரிப் பிளையரை மாட்டி நீளமாக்கிப் பார்த்தார், அப்பவும் எட்டல. பெட்ரோல் அளவு காட்டுற கண்ணாடிக் குழாயும் முதுகுக்குப் பின்னாடி, அதுல அளவுக் குறியீடு கிடையாது. பெட்ரோல் போடட்டுமான்னு கேட்டப்போ, கொஞ்ச நேரம்தான் பறக்கப் போறேன், வேண்டாம்னுட்டார். அக்டோபர் 12, கலிபோர்னியாவுல மான்டெரே விரிகுடா. என்ஜின் திணறுச்சு. அடுத்த சில நொடியில விமானம் மூக்குக் குத்தாக் கடல்ல விழுந்துச்சு.

விசாரணை பண்ணினது என்டிஎஸ்பிங்கிற விபத்து விசாரணை அமைப்பு. அந்தக் கைப்பிடியைப் பிடிக்க உடம்பைத் திருப்பினா, வலது கால் தன்னையறியாம ரடர் பெடலை மிதிக்குதுன்னு சோதிச்சுப் பார்த்துச் சொன்னாங்க. கவனம் சிதறி, பெடல் மிதிபட்டு, கட்டுப்பாடு போச்சு. பெட்ரோல் போடாதது, அந்த ரக விமானத்துல போதுமான பழக்கம் இல்லாதது, கைப்பிடி இருந்த இடம், குறியீடு இல்லாதது எல்லாமே காரணங்களாப் பதிவாச்சு.

இதுல யாரும் முட்டாள் இல்ல. செஞ்சவர் ஒரு ஆபத்தைக் குறைச்சார், இன்னொரு ஆபத்தைக் கொண்டு வந்தார். அவருக்கு அது பழகின இடம். வாங்கினவருக்கு இல்ல. வெளியாள் ஒருத்தர் உட்கார்ந்து, "இதை எப்படிங்க பறந்துக்கிட்டே திருப்புவீங்க?"ன்னு கேட்டிருந்தா தரையிலயே தீர்ந்திருக்க வேண்டிய பிரச்சினை.

நம்ம ஊருக்குன்னு ஒரு பிரச்சினையும் இருக்கு. ரோடாக்ஸ் 912 சாதாரண பெட்ரோல்லயே ஓடும், ஆனா எத்தனால் கலப்பு 10 சதவீதம் வரைக்கும்தான் கம்பெனி ஏத்துக்குது. இந்தியாவுல பங்க்ல இப்போ வர்றது 20 சதவீதக் கலப்பு. விமானத்துல எதையுமே மாத்தாம, ஊத்துற பெட்ரோல் மட்டும் மாறினாலும் அதுவும் ஒரு மாற்றம்தான். எத்தனால் தண்ணியை இழுக்கும், சில ரப்பரையும் டேங்க் பூச்சையும் அரிக்கும்.

முதல் 40 மணி நேரம்

செஞ்சு முடிச்ச விமானத்துல முதல் நாளே நண்பனை ஏத்திக்கிட்டுப் போக முடியாது. அமெரிக்காவுல சான்றிதழ் வாங்கின என்ஜின், புரொப்பெல்லர் ஜோடியா இருந்தா குறைஞ்சது 25 மணி நேரம், இல்லன்னா 40 மணி நேரம், குறிப்பிட்ட எல்லைக்குள்ள, பயணி இல்லாம சோதனைப் பறப்பு பண்ணணும்னு ஒரு முறை வெச்சிருக்காங்க. எந்த வேகத்துல இறக்கை காத்தை விடுது, எவ்வளவு சீக்கிரம் மேல ஏறுது, என்ஜின் எவ்வளவு சூடாகுதுன்னு ஒவ்வொண்ணா அளந்து எழுதணும். அதுதான் அந்த விமானத்தோட கையேடு. பெரிய மாற்றம் ஏதாவது செஞ்சா மறுபடி சோதனைக் கட்டத்துக்குப் போய், குறைஞ்சது 5 மணி நேரம் பறந்து காட்டணும். நம்ம ஆபீஸ்ல ஒரு வரி கோட் மாத்தினாலும் எல்லா டெஸ்டையும் மறுபடி ஓட்டச் சொல்லி உயிரை எடுப்பாங்களே, அதேதான். இங்க நிஜமாவே உயிர் இருக்கு.

அந்த அளவுகள் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். திண்டுக்கல் சமவெளி கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 280 மீட்டர். கத்திரி வெயில்ல 40 டிகிரி அடிக்கிறப்போ காத்து விரிஞ்சு மெலிஞ்சிடும். கணக்குப் போட்டா, தரையில நிக்கிறப்பவே இறக்கைக்கும் என்ஜினுக்கும் 1,200 மீட்டருக்கு மேல நிக்கிற மாதிரி. சிறுமலைக்கு ஏறிட்டு அங்க இருந்து கிளம்புற மாதிரின்னு வைங்களேன். என்ஜின் சக்தி குறையும், ஓடுபாதை அதிகம் வேணும். மார்கழிக் காலையில சுலபமா எழும்பின விமானம் சித்திரை மத்தியானம் வேலியைத் தாண்டாமப் போகலாம்.

இன்னொண்ணு. வீட்டுல செஞ்ச விமானங்களோட விபத்துகளை என்டிஎஸ்பி ஆராய்ஞ்சு 2012-ல ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. என்ஜின் கோளாறும் கட்டுப்பாடு இழக்குறதும்தான் முன்னாடி நின்னுச்சு. 2011-ல விபத்துக்குள்ளானதுல பாதிக்கு மேல, ஓட்டினவர் செஞ்ச விமானம் இல்ல, அடுத்தவர்கிட்ட இருந்து வாங்கினது. வேலையை விட்டுப் போனவன் எழுதின கோடைப் பராமரிச்ச யாருக்கும் இது ஆச்சரியமா இருக்காது. ஏன் இப்படி வெச்சான்னு கேக்க ஆள் இருக்காது. எழுதி வெச்சிருந்தா மட்டும்தான் உண்டு.

கைதட்டலுக்கு அப்புறம்

2021 ஆகஸ்ட்ல மகாராஷ்டிரத்துல, யவத்மால் மாவட்டத்துக் கிராமம் ஒண்ணுல ஒரு இளைஞர், கார் என்ஜின் வெச்சுத் தானே செஞ்ச ஹெலிகாப்டரைத் தரையில ஓட்டிச் சோதிச்சுட்டு இருந்தார். வெல்டிங் வேலை தெரிஞ்சவர். வால்பக்க விசிறி உடைஞ்சு மேல இருந்த பெரிய விசிறியில அடிச்சது. அது அவர் மேலயே வந்து விழுந்துச்சு. இறந்துட்டார். அது பறக்கக்கூட இல்ல.

அவர்கிட்ட திறமை இருந்துச்சு. சஜி தாமஸ்கிட்டயும் இருந்துச்சு. ரெண்டு பேரும் பெரிய படிப்பு இல்லாம கைத்திறமையால மேல வந்தவங்க. சஜிக்கு ஒரு நாயர் கிடைச்சார். இவரோட சோதனையை நிறுத்தி, "தம்பி, இந்த விசிறியை என்ன கணக்குல செஞ்ச? ஓட்டுறப்போ பக்கத்துல உட்காராத, தூரத்துல இருந்து ஓட்டு"ன்னு சொல்ல ஒரு அனுபவசாலி அன்னைக்குப் பக்கத்துல இல்ல. ஊர் முழுக்கப் பாராட்ட ஆள் இருந்தும், கேள்வி கேக்க ஆள் இல்லன்னா இப்படித்தான் ஆகும்.

இஏஏ மாதிரி சங்கங்கள் செய்யுற உருப்படியான வேலை இதுதான். விமானம் செய்யுறவர் வீட்டுக்கே அனுபவமுள்ள தன்னார்வலர் ஒருத்தர் வந்து, பாதியில ஒரு தடவை, முடிவுல ஒரு தடவை பார்த்துட்டுப் போவார். முதல் பறப்புக்கு முன்னாடி, நீ இதை ஓட்டத் தயாரா இருக்கியான்னு பேசுறதுக்கும் தனியா ஆள் உண்டு. காசு கிடையாது. ஏற்கெனவே செஞ்சு பார்த்தவங்க அடுத்தவங்களுக்குச் செய்யுற உதவி.

உங்க ஊர்லயோ கல்லூரியிலயோ யாராவது இந்த மாதிரி ஏதாவது செஞ்சுட்டு இருந்தா, வீடியோ எடுக்குறதுக்கு முன்னாடி மூணு உதவி பண்ணுங்க. ஒண்ணு, ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, எதை எப்போ ஏன் மாத்தினோம்னு தேதியோட எழுத வைங்க. ரெண்டு, சுத்துற எந்தப் பாகத்துக்கும் நேரா யாரையும் நிக்க விடாதீங்க, முதல் சோதனை எல்லாம் ஆள் இல்லாம, தூரத்துல இருந்து. மூணு, தெரிஞ்ச ஒரு ஆளைத் தேடிக் கூட்டிட்டு வாங்க. குரோம்பேட்டை எம்ஐடியில 1949-ல இருந்து விமானப் பொறியியல் சொல்லிக் கொடுக்குறாங்க, அப்துல் கலாம் படிச்ச துறை. ஐஐடி மெட்ராஸ்லயும் துறை இருக்கு. ஓய்வு பெற்ற விமானப்படை டெக்னீஷியன்கள் நம்ம மாவட்டங்கள்லயே இருக்காங்க. கடிதம் எழுதுங்க, நேர்ல போய்க் கேளுங்க. பத்து பேர் மறுத்தாலும் ஒருத்தர் வருவார்.

நேரடியா ஆளை வெச்சுப் பறக்குறதுக்கு முன்னாடி ரிமோட் விமானத்துல தொடங்குறதும் நல்ல வழி. எடையின் மையம், ஃப்ளட்டர், இறக்கை காத்தை விடுறது எல்லாத்தையும் அது கத்துக் கொடுக்கும். விழுந்தா தெர்மகோல்தான் உடையும். அடுத்த எபிசோட்ல அதைத்தான் பேசப் போறோம்: ஐயாயிரம் ரூபாய்க்குள்ள ஒரு மாடல் விமானம், என்னென்ன வாங்கணும், எங்க பறக்க விடலாம், எங்க விடக் கூடாது. கேள்வி இருந்தா அனுப்பி வைங்க. சந்திப்போம்.